கேஸ் மாத்திரை வாங்கறதுக்கு முன்னாடி உங்க இரைப்பைச் சுவரைக் கொஞ்சம் பாருங்க

1/
கருங்குழியில ஜிஎஸ்டி ரோட்டு மேல நின்னு "கேஸுக்கு ஒரு மாத்திரை குடுங்க"ன்னு கேட்டுப் பாருங்க. பான்டோபிரசோல் கைக்கு வந்துடும். உங்க வயசு என்ன, என்ன தொந்தரவு, எத்தனை நாளா, வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க? ஒரு கேள்வி இருக்காது. இது கருங்குழி கதை மட்டும் இல்லீங்க. மதுராந்தகம், செங்கல்பட்டு, தாம்பரம் வரைக்கும் இதே கதைதான். அந்த அட்டையில சிவப்புக் கோடு ஒண்ணு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான கோடு அது. அதை யாரும் பார்ப்பதில்லை.

2/
இந்த த்ரெட்ல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். உங்க இரைப்பைக்கு அமிலம் எதிரி இல்லை. அமிலத்தைத் தாங்குவதற்காகவே கட்டப்பட்ட சுவர் அது. அந்தச் சுவரை வேறு யாரோ உடைக்கிறார்கள். நாம் உடைக்கிறவனை விட்டுவிட்டு அமிலத்தை மட்டும் வருஷக்கணக்கில் குறைத்துக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாப் படிங்க.

3/
மதுராந்தகம் ஏரி நமக்குப் பக்கம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெருமழையில் கரை உடையும் நிலைக்கு வந்ததும், கலெக்டர் லயனல் பிளேஸ் தவித்ததும், ராமரும் லட்சுமணரும் வில்லோடு நின்று கரையைக் காத்ததாக அவர் கண்டதும் இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஏரி காத்த ராமர் என்ற பேரே அப்படி வந்ததுதான்.

அந்தக் கதையில் யாராவது "ஏரியில தண்ணி இருக்கறதுதான் பிரச்சினை, காலி பண்ணுங்க"ன்னு சொன்னாங்களா? எல்லார் கவலையும் கரை மேலதான். தண்ணி இல்லன்னா வெள்ளாமை இல்லன்னு அவங்களுக்குத் தெரியும். உங்க வயித்துக்கும் இதே நியாயம்தான்.

4/
இப்போ கரையைப் பார்ப்போம். இரைப்பைச் சுவர் சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதுக்குள்ள நாலு அடுக்கு. வெளியே மெல்லிய உறை. அடுத்தது தசை. குடலின் மற்ற பகுதிகளில் தசை இரண்டு படலம், இரைப்பையில் மட்டும் மூன்று: நீளவாக்கு, வட்டவாக்கு, சாய்வாக்கு. சோற்றை மாவு ஆட்டுவது போல ஆட்ட அந்த மூன்றும் வேண்டும். அதற்கு உள்ளே ரத்தக்குழாய்கள் ஓடும் அடுக்கு. எல்லாவற்றுக்கும் உள்ளே, சாப்பாட்டைத் தொடும் இடத்தில், சளிச்சவ்வு.

5/
அந்தச் சளிச்சவ்வு வெறும் கண்ணுக்கு வழவழப்பான மடிப்புகளாகத் தெரியும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் சல்லடை மாதிரி குழிகள். ஒரு இரைப்பையில் சுமார் 35 லட்சம் குழிகள் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில சுரப்பிக் குழாய்கள் திறக்கின்றன. மொத்தம் ஒன்றரைக் கோடி சுரப்பிகள். தினமும் சுமார் 2 லிட்டர் இரைப்பை நீர் இங்கிருந்துதான் வருகிறது.

6/
மருத்துவக் கல்லூரி முதல் வருஷம் படிக்கிற பிள்ளைங்களுக்கு ஹிஸ்டாலஜி லேபில் இந்த ஸ்லைடு ரொம்பப் பிடிக்கும். கலரை வெச்சே கண்டுபிடிச்சுடலாம்.

சிவந்த பெரிய உருண்டைகள்: பெரைட்டல் செல்கள். அமிலம் செய்வது இவர்கள் வேலை. பி12 வைட்டமினை உடம்பில் சேர்க்கத் தேவையான இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதத்தைச் செய்வதும் இவர்களே.

அடியில் நீலமாகத் தெரிபவை: சீஃப் செல்கள். புரதத்தைச் செரிக்கும் பெப்சினின் முன்வடிவத்தைச் செய்பவை.

இவற்றுக்கு நடுவே ஹார்மோன் செல்கள். கேஸ்ட்ரின் "அமிலம் போடு" என்று சொல்லும். சொமாட்டோஸ்டாட்டின் "போதும் நிறுத்து" என்று சொல்லும். ஆக, அமிலத்துக்குக் கணக்கும் கட்டுப்பாடும் உள்ளேயே இருக்கிறது.

7/
பெரைட்டல் செல் ஏன் சிவப்பு? உள்ளே மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மைட்டோகாண்ட்ரியா. அவ்வளவு சக்தி எதற்கு? ரத்தத்தில் இருப்பதைவிட சுமார் 25 லட்சம் மடங்கு செறிவாக அமில அயனிகளை வெளியே தள்ள வேண்டும். அதைச் செய்வது புரோட்டான் பம்ப். உடம்பு இவ்வளவு செலவு பண்ணி ஒரு பொருளைத் தயாரிக்குதுன்னா, அது வேண்டாத பொருளா இருக்குமா? சாப்பாட்டோடு வரும் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொல்வது அமிலம். பெப்சினை வேலை செய்ய வைப்பது அமிலம். உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுப்பதும், இரும்புச்சத்தைக் கரைப்பதும் அமிலம்.

8/
"அப்போ அந்த அமிலம் வயித்தையே அரிக்காதா டாக்டர்?"

நியாயமான கேள்வி. குழிகளின் வாயிலும் மேற்பரப்பிலும் வரிசையாக நிற்பவை கோழை சுரக்கும் செல்கள். ஒரு மில்லிமீட்டர்கூட வராத கோழைப் படலத்தை இவை விரித்து வைத்திருக்கின்றன. அதற்குள் பைகார்பனேட்டைப் போட்டு அமிலத்தை முறிக்கின்றன. அதனால் இரைப்பையின் நடுவில் பிஎச் 1 அல்லது 2 என்று இருக்கும்போதே, செல்லைத் தொடும் இடத்தில் பிஎச் 7-ஐ ஒட்டி இருக்கிறது. ஒரு கோழைப் படலத்துக்கு இந்தப் பக்கம் அமிலம், அந்தப் பக்கம் கிட்டத்தட்ட தண்ணீர்.

9/
அதையும் மீறி மேற்பரப்புச் செல் அடிபட்டால்? குழியின் கழுத்தில் இருக்கும் ஸ்டெம் செல்கள் ஓயாமல் புதுச் செல்களை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். போன வாரம் உங்க இரைப்பையின் மேல்தோலா இருந்த செல்கள் இன்னிக்கு பெரும்பாலும் இல்லை. ஒரு வாரத்துக்குள் மொத்தப் பரப்பும் புதுசு. நம்ம ஊர்ல குடிமராமத்து எப்பவாவது நடக்கும். இங்கே தினமும் நடக்கிறது.

10/
இப்போ ஒரு பழைய நம்பிக்கையை உடைக்கணும். "நேரத்துக்கு சாப்பிடலன்னா ஆசிட் குடலை அரிச்சு அல்சர் வந்துடும்." அம்மா சொல்வாங்க, வாத்தியார் சொல்வார், சில டாக்டர்களும் சொல்வாங்க.

இல்லீங்க. விரதம் இருக்கிறவங்களுக்கும் நோன்பு வைக்கிறவங்களுக்கும் எல்லாம் இதனால் அல்சர் வருவதில்லை. சுவர் நல்லா இருந்தா வெறும் வயிற்று அமிலம் அதை ஓட்டை போடாது. மிளகாயும் போடாது. பசியில் வலிக்கிறது, காரத்தில் எரிகிறது என்றால், ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒன்றை அது காட்டிக்கொடுக்கிறது. அல்லது அல்சர் எதுவும் இல்லாத வெறும் எரிச்சல். எது என்று பார்க்க வேண்டும். "காரத்தைக் குறைங்க, மாத்திரை போடுங்க" என்று கணக்கை முடிக்கக் கூடாது.

11/
சரி, கரையை உடைக்கிறது யாரு?

முதல் ஆள்: வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின். நாற்று நட்டு முதுகு விட்டுப்போன அக்கா, மாமல்லபுரம் சிற்பக்கூடத்தில் நாள் முழுக்க உளி பிடிக்கிற அண்ணன், மறைமலைநகர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் நிற்கிற தம்பி, முட்டி தேய்ந்த ஆயா. எல்லார் பையிலும் இது இருக்கு.

12/
கோழை, பைகார்பனேட், சுவருக்கு ரத்த ஓட்டம் மூன்றையும் நடத்துவது புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதிலும் அதே குடும்பத்துக்குப் பங்கு உண்டு. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இந்த உற்பத்தியை நிறுத்தித்தான் வலியைக் குறைக்கின்றன என்று ஜான் வேன் 1971-ல் காட்டினார். 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதாவது வலி மாத்திரை முட்டியில் வேலை செய்யும்போதே இரைப்பையில் கரைக்குப் போகும் மண்ணையும் நிறுத்துகிறது.

"ஊசியா போட்டுக்கிட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு நினைக்கிறவங்க கவனிங்க. ரத்தம் வழியாகவும் அது இரைப்பைக்குப் போகும். சாப்பிட்டுட்டுப் போட்டாலும் இந்த வேலை நடக்கும்.

13/
இரண்டாவது ஆள்: ஹெலிகோபேக்டர் பைலோரி. கோழைப் படலத்துக்குள்ளேயே குடியிருக்கிற சுருள் வடிவப் பாக்டீரியா. யூரியாவை அம்மோனியாவாக்கி, தன்னைச் சுற்றி அமிலத்தை முறித்துக்கொண்டு பிழைக்கும்.

வயித்துல அமிலம் இருக்கு, கிருமி எப்படி வாழும் என்று மருத்துவ உலகமே நம்பாமல் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் நிபுணர் பயாப்ஸி ஸ்லைடுகளில் அதைத் தொடர்ந்து பார்த்தார். 1982-ல் பாரி மார்ஷலும் அவரும் அதை வளர்த்தெடுத்தார்கள். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல். மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் பார்த்ததை நம்பின ஒருத்தரால் அல்சர் ஒரு தொற்றுநோயாக மாறியது.

14/
நம்ம நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் இந்தக் கிருமி உண்டு. பயப்படாதீங்க, பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அல்சர் வந்தவருக்கு இது இருந்தால், சரியான ஆன்டிபயாடிக் கூட்டை இரண்டு வாரம் முழுசாக எடுத்துக் கிருமியை ஒழித்தால், அந்த அல்சர் திரும்ப வருவது வெகுவாகக் குறைந்துவிடும். அதை விட்டுட்டு பத்து வருஷம் கேஸ் மாத்திரை போடுகிறோம்.

இன்னொரு கொடுமை. கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டே இந்தக் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனையோ பயாப்ஸியோ செய்தால் "இல்லை" என்று தப்பாக வரலாம். குறைந்தது இரண்டு வாரம் முன்னாடியே நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும், டாக்டரிடம் கேட்டுவிட்டு.

15/
மூன்றாவது ஆள்: பீடி, சிகரெட், சாராயம். புகை இரைப்பைச் சுவரின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது, புண் ஆறுவதைத் தாமதமாக்குகிறது. சாராயம் கோழைப் படலத்தையும் செல்களையும் நேரடியாகத் தாக்குகிறது. சாயங்காலம் டாஸ்மாக், காலையில கேஸ் மாத்திரை. இந்தக் கணக்கு எந்த மைக்ரோஸ்கோப்பிலும் டேலி ஆகாது.

16/
இப்போ பான்டோபிரசோலுக்கு வருவோம். அது கெட்ட மருந்து இல்லை. ரொம்ப நல்ல மருந்து, அதனாலதான் கோபம் வருது. பெரைட்டல் செல்லின் புரோட்டான் பம்பை அது நிரந்தரமாகப் பூட்டிவிடும். செல் புதுப் பம்ப் செய்தால்தான் திரும்ப அமிலம். அதனால்தான் ஒரு மாத்திரை ஒரு நாள் முழுக்க நிற்கிறது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடச் சொல்வதும் அதற்குத்தான். பம்ப் ஓடும்போதுதான் பூட்ட முடியும். சாப்பிட்டு முடிச்சு ஏப்பம் வந்ததும் போட்டுக்கொள்கிற மாத்திரை பாதி வீண்.

17/
"நிறுத்தினா திரும்ப வந்துடுது டாக்டர், அதான் விட முடியல."

இதுக்கும் அந்தச் சுவரில்தான் பதில். அமிலம் குறைந்ததும் கேஸ்ட்ரின் செல்கள் "அமிலம் போதல" என்று கத்த ஆரம்பிக்கும். வாரக்கணக்கில் கத்தினால் சுரப்பிகள் பலமாகும். மாத்திரையை நிறுத்திய அன்று முன்னைவிட அதிகமாக அமிலம் கொட்டும்.

2009-ல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வு. வயிற்றுத் தொந்தரவே இல்லாத 120 பேர். பாதிப் பேருக்கு 8 வாரம் எசோமெப்ரசோல், மற்றவர்களுக்கு 12 வாரமும் வெறும் மாத்திரை. எசோமெப்ரசோலை நிறுத்திய பிறகு நெஞ்செரிச்சல் போன்ற தொந்தரவு வந்தவர்கள் 44 சதவீதம். வெறும் மாத்திரைக் கூட்டத்தில் 15 சதவீதம். நோயே இல்லாதவருக்கு மாத்திரை நோயைக் கொடுத்தது. "இது இல்லாம என்னால முடியாது" என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும்.

18/
வருஷக்கணக்கில் போட்டால்? பி12 குறையலாம். அதுவும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் கூடவே இதையும் போட்டால் இரண்டு பக்கமும் அடி. கால் எரிச்சல், மரத்துப்போவது, மறதி என்று வருவார்கள். அதைச் "சர்க்கரை நரம்பு" என்று மட்டும் எழுதி விட்டுவிடுவோம். மெக்னீசியம் குறையலாம். குடல் தொற்று கொஞ்சம் கூடலாம். சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். எல்லாருக்கும் வரும் என்று சொல்லவில்லை. தேவையே இல்லாதவருக்கு இந்த ரிஸ்க் எதுக்கு என்பதுதான் கேள்வி.

19/
இதைவிடப் பெரிய ஆபத்து, மாத்திரை மறைத்து வைப்பது.

நீண்ட காலக் கிருமித் தொற்றில் சுரப்பிகள் மெல்லத் தேய்கின்றன. பிறகு இரைப்பையில் இருக்கவே கூடாத, குடலுக்கே உரிய கோப்லெட் செல்கள் அங்கே முளைக்கின்றன. பிறகு செல்கள் ஒழுங்கு தவறுகின்றன. கடைசியில் புற்றுநோய். இந்தப் படிக்கட்டை ஒழுங்குபடுத்திச் சொன்னவர் கொலம்பியாவைச் சேர்ந்த பெலாயோ கொரியா. இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே சேர்த்துவிட்டது.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் நடத்தும் சென்னைப் பதிவேட்டில், ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் பல காலமாக முன்வரிசையில் இருக்கிறது. ஆரம்பத்தில் அதன் அடையாளம் என்ன? சாப்பிட்டதும் வயிறு நிறைஞ்ச மாதிரி, லேசான எரிச்சல், ஏப்பம். நம்ம பாஷையில "கேஸ்". மாத்திரை போட்டால் கொஞ்ச நாள் அதுவும் அடங்கும். அந்தக் கொஞ்ச நாள்தான் ஆபரேஷன் செய்யக்கூடிய காலம்.

20/
அடுத்தது இதயம். மாரடைப்பு எல்லாருக்கும் சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது. இதயத்தின் கீழ்ச்சுவருக்கு ரத்தம் நின்றால் மேல்வயிற்றில் வலி, குமட்டல், வியர்வை என்று வரும். சர்க்கரை நோயாளிக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே தெளிவாக இருக்காது. "கேஸ்தான்" என்று சோடா குடித்து, மாத்திரை போட்டு, விடியட்டும் என்று படுத்தவர்கள் கதை உங்கள் தெருவிலேயே ஒன்று இருக்கும்.

வியர்வையோடு, மூச்சு வாங்கலோடு, தாடைக்கோ தோளுக்கோ பரவுகிற புது "கேஸ்" வந்தால் மெடிக்கலுக்குப் போகாதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்க. ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்க. தமிழக அரசு 2023-ல் தொடங்கின "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகள் உண்டு. அங்கே முதல் டோஸ் வாங்கிக்கொண்டு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதும், ராத்திரி முழுக்க ஓமவாட்டர் குடிச்சுட்டு காலையில போவதும் ஒண்ணு இல்லீங்க.

21/
தப்பாப் புரிஞ்சுக்காதீங்க. இந்த மாத்திரை கட்டாயம் வேண்டியவர்கள் உண்டு. அல்சரில் ரத்தக்கசிவு வந்தவர், உணவுக்குழாயில் அமிலப் புண் உள்ளவர், ஸ்டென்ட் வைத்து இரண்டு ரத்த மெலிப்பு மாத்திரை சாப்பிடுகிற வயதானவர், தவிர்க்க முடியாமல் நீண்ட நாள் வலி மாத்திரை எடுப்பவர். இவர்கள் இந்தப் பதிவைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போடக் கூடாது. இதயத்துக்கு எழுதின ஆஸ்பிரினையும் நீங்களா நிறுத்தக் கூடாது. உங்க டாக்டரிடம் "எதுக்கு, எத்தனை நாளைக்கு?" என்று மட்டும் கேளுங்க.

22/
என் துறைக்கும் சொல்ல வேண்டியது உண்டு. காய்ச்சல், சளி, ஐந்து நாள் ஆன்டிபயாடிக், எது எழுதினாலும் முதல் வரியில் ஒரு பான்டோபிரசோல். கேட்டால் "கவர் பண்றோம்". எதை, எதிலிருந்து? பாராசிட்டமால் மட்டும் சாப்பிடும் இளைஞனுக்கு எதற்குக் கவர்? டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதின மாத்திரைக்கு நிறுத்தும் தேதி எங்கே? ஆரம்பிக்க ஒரு காரணம் எழுதினால், நிறுத்த ஒரு தேதியும் எழுதணும். அது இல்லாத சீட்டு பாதி சீட்டு.

23/
மருந்துக்கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும் சேர்த்து ஒரு பேப்பரில் மடித்துக் கொடுப்பது வைத்தியம் இல்லை. கேஸ் மாத்திரை இரைப்பைப் புண்ணைக் குறைக்கும், உண்மை. அதுக்குக் கீழே உள்ள சிறுகுடலை அது காப்பாற்றாது. வலி மாத்திரை அங்கேயும் வெட்டும், சிறுநீரகத்தையும் வெட்டும். அந்தச் சிவப்புக் கோட்டை மதிக்க வைக்க வேண்டியது அரசின் வேலை. கோடு போட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை.

24/
நீங்க செய்ய வேண்டியது:

அ) எப்பவாவது ஒரு நாள் நெஞ்செரிச்சல் என்றால் சாதாரண ஆன்டாசிட் போதும். ராத்திரி சாப்பிட்டதும் படுக்காதீங்க. இரண்டு மூன்று மணி நேரம் விடுங்க.
ஆ) இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் கேஸ் மாத்திரை தேவைப்பட்டால், கடைக்கு இல்லை, டாக்டரிடம்.
இ) கூடவே என்னென்ன வலி மாத்திரை, நாட்டு மருந்து, ஊசி என்று ஒளிக்காமல் சொல்லுங்க.
ஈ) 50 வயதுக்கு மேல் புதுசா அஜீரணம், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பு மலம், ரத்தசோகை. இதில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும். சில நிமிஷ வேலை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உண்டு.
உ) வருஷக்கணக்கில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க.

25/
உங்க இரைப்பைச் சுவர் தன்னைத்தானே வாரத்துக்கு ஒரு முறை கட்டிக்கொள்கிறது. அதுக்கு நீங்க கூலி தர வேண்டாம், பொருள் தர வேண்டாம். மண்வெட்டியோடு கரை மேல நிக்கிறவனைக் கீழே இறக்கினா போதும்.

அடுத்த தடவை யாராவது "ஆசிட் ஜாஸ்தியாயிடுச்சு, ஒரு மாத்திரை குடு"ன்னு சொன்னா, மாத்திரைக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "கரையை யாரு வெட்டறா?" வீட்ல தினமும் கேஸ் மாத்திரை போடற பெரியவங்க இருந்தா, இதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.